பத்து மணி நேரப் பொம்மைக்கு இருநூற்றைம்பது ரூபாயா?

வாசகர் கேள்விக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வயது 38. கணவர் ரயில்வே ஊழியர். பள்ளி நாட்களில் அம்மாவிடம் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் கற்றவர். டிவிக்கு உறை, மேஜை விரிப்பு, வாசல் தோரணம் என்று பின்னிக்கொண்டிருந்தார். கொரோனா ஊரடங்கில் மகளுக்காக ஒரு யானைக்குட்டி பின்னினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கேட்க, பிறகு மகளின் பள்ளித் தோழிகள் கேட்க, இன்று மாதம் பத்துப் பன்னிரண்டு பொம்மை விற்கிறார். உடலும் தலையும் இவர் வேலை, கை கால்கள் 64 வயது அம்மாவின் வேலை. ஒரு பொம்மை 450 ரூபாய், கூரியர் இலவசம்.

சென்னையில் ஒரு பரிசுப்பொருள் கடை இப்போது 40 பொம்மை கேட்டிருக்கிறது. பொம்மைக்கு 250 ரூபாய், விற்ற பிறகுதான் பணம், கடையின் பெயர்ச் சீட்டை ஒட்டித் தர வேண்டும், வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது, 45 நாளில் வேண்டும். இந்த வாரத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட், "ஜிஎஸ்டி, எம்எஸ்எம்இ, டிரேட்மார்க் எல்லாம் எடுக்காமல் விற்றால் கேஸ் வரும், பதினைந்தாயிரம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்கிறார். கணவரோ, "நான் அரசாங்க வேலையில் இருக்கும்போது நீ பெயர் போட்டு வியாபாரம் பண்ணினால் எனக்கு மெமோ வரும்" என்று தயங்குகிறார். அண்ணன் மகன் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி, 'இன்டர்நேஷனல் குரோஷே டிசைனர்' என்று எழுதி வைத்துவிட்டான். இவருக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறதாம். "எனக்கு ஒரு சர்டிபிகேட்கூடக் கிடையாது. தொழில் செய்பவள் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. கையால் ஒரு பொருள் செய்து சொந்தப் பெயரில் விற்க இந்தியச் சட்டம் எந்தப் படிப்புச் சான்றிதழும் கேட்கவில்லை. கம்பெனி பதிவு செய்ய வேண்டியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு தொடர்ந்து விற்கத் தொடங்கிய நாளிலேயே நீங்கள் தனியுரிமைத் தொழில் நடத்துபவர் ஆகிவிட்டீர்கள். விசிட்டிங் கார்டு அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இனி கடைக்காரர் விஷயம். சட்டத்துக்குப் போகும் முன் ஒரு கணக்கு போட வேண்டியிருக்கிறது. வக்கீலுக்கு எதற்கு விலைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வருகிற கைவினைப் பெண்கள் பலரும் தங்கள் நேரத்தை எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

பருத்தி நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து ஒரு பொம்மைக்கு 180 ரூபாய் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டிக்கும் கூரியருக்கும் 90 ரூபாய். 450-ல் மிஞ்சுவது 180. "ஏழு மணி நேரம் ஆகும்" என்கிறீர்கள். அது உங்கள் நேரம் மட்டும். அம்மா கை கால் பின்னும் மூன்று மணி நேரத்தைக் கடிதத்தில் வேறொரு இடத்தில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கணக்கில் அதைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் பத்து மணி நேரம், மணிக்கு 18 ரூபாய்.

கடைக்காரர் விலையில் பார்ப்போம். 250-ல் பொருள் செலவு போக 70. மணிக்கு ஏழு ரூபாய். 40 பொம்மைக்கு இருவருமாக 400 மணி நேரம்; உங்கள் பங்கு மட்டும் 280. அதாவது 45 நாளும், ஞாயிறு உட்பட, தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஊசி பிடிக்க வேண்டும். அதோடு 7,200 ரூபாய் பொருளை முன்கூட்டியே போட்டுவிட்டு, அது எப்போது திரும்பும் என்று தெரியாமல் இருக்க வேண்டும்.

நூல் விலையைப் போல இரண்டரை மடங்கு வைத்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி 450 வைத்திருக்கிறீர்கள். மளிகைக் கடையில் செல்லுபடியாகும் கணக்கு அது. குரோஷாவில் பொருள் கொஞ்சம், நேரம்தான் பெரும்பகுதி. அதனால் நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால்கூட அதே பொம்மை 600 கூலி, 180 பொருள், 20 பெட்டி என்று 800 வருகிறது, கூரியர் தனி. "அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்?" என்று கேட்பீர்கள். இன்று 450-க்கு வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். மாதம் பன்னிரண்டு விற்ற இடத்தில் ஐந்து விற்றாலும் உங்கள் கைக்கு இன்றைவிட அதிகம் வரும். மிச்ச நேரத்தில் முக்கால் மணியில் முடிகிற சாவிக்கொத்துத் தொங்கல், பைத் தொங்கல் பின்னலாம். அதில் பொருள் 15 ரூபாய், கூலி 45. நூறு ரூபாய் விலை யாரையும் யோசிக்க வைக்காது. பெரிய பொம்மையை விலை கேட்டுத் தயங்குபவர் சின்னதை வாங்கிக்கொண்டு போவார்.

அம்மாவுக்கு உரிய பணத்தை மாதம் முடிந்ததும் அவர் கணக்கிலேயே போடுங்கள். "அம்மாதானே" என்று விட்டுவிட்டால் பொம்மையின் உண்மையான விலை உங்களுக்கே தெரியாமல் போகும்.

கடைக்காரர் தாளில் உள்ள மூன்று வரிகள்

"விற்ற பிறகு பணம்" என்ற வரியைப் பாருங்கள். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல கவசம் தந்திருக்கிறது. உத்யம் பதிவு (ஏஜென்ட் சொன்ன எம்எஸ்எம்இ பதிவு இதுதான்) உள்ள ஒரு குறுந்தொழில் பொருள் கொடுத்தால், வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அதோடு, இப்படித் தாமதித்து ஆண்டு முடிந்தும் தராத தொகையை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் இப்போது இருப்பதால், ஆடிட்டர் வைத்திருக்கும் கடைகள் இதை மதிக்கின்றன.

ஆனால் இந்தக் கவசம் விற்பனைக்குத்தான். "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் தருகிறோம்" என்பது இன்னும் விற்பனை ஆகவில்லை. பொம்மை உங்களுடையதாகவே அவர் அலமாரியில் இருக்கிறது. நாள் கணக்கு ஓடத் தொடங்காது. அலமாரியில் வெயில் பட்டு நிறம் மங்கினாலும், வாடிக்கையாளர் கை பட்டு அழுக்கானாலும் நஷ்டம் உங்களுக்கே. அதனால் நாற்பதை விற்பனைக்கு வைப்பதைவிடப் பத்தை விலைக்குக் கொடுப்பது மேல்.

வேறு கடைக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரியை அப்படியே அடியுங்கள். ஒரு பொம்மைகூட விலை கொடுத்து வாங்காதவருக்கு நீங்கள் எதற்குக் கட்டுப்பட வேண்டும்? வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும், மூன்று மாதத்துக்கு மட்டும், அவருக்கென்று ஒதுக்கித் தரலாம், அதற்கு அவர் தனியாக விலை வைத்தால்.

மூன்றாவது, கடையின் பெயர்ச் சீட்டு. இதைச் சின்ன விஷயமாக நினைத்திருக்கிறீர்கள். எனக்கு மூன்றில் இதுதான் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் பெயர் போவது ஒரு பக்கம். சட்டப்படியும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், நீங்கள் கடிதத்தில் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பொம்மைக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது

2020-ல் மத்திய அரசு பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான எந்தப் பொம்மையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் இந்தியாவில் விற்கக் கூடாது. பிளாஸ்டிக் கார் மட்டும் இல்லை, நூல் பொம்மையும் இதில் அடக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின்படி மீறலுக்கு முதல் முறையே இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்க முடியும்.

பயப்படாதீர்கள். அதே ஆணையில் ஒரு விலக்கு இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் 'செய்து விற்கும்' பொம்மைகளுக்கு இந்த முத்திரை தேவையில்லை. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும், நம் பக்கத்துத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போல, விலக்கு உண்டு. ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது அந்த ஏஜென்ட் சொன்ன மூன்றும் இல்லை; பெஹ்சான் என்று அழைக்கப்படும் கைவினைஞர் அடையாள அட்டை. ஆதாரோடு விண்ணப்பித்தால், உங்கள் கைவேலையைப் பார்த்துச் சரிபார்த்துத் தருவார்கள். அம்மாவுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வரும்வரை குழந்தைகளுக்கான பொம்மை விற்பதை நிறுத்திவையுங்கள். இதை நான் தயங்கித்தான் சொல்கிறேன், கையில் ஆர்டர் இருக்கும்போது கேட்கக் கசப்பாக இருக்கும் என்று தெரியும்.

இப்போது சீட்டுக்கு வாருங்கள். கைவினைஞரே செய்து அவரே விற்பதற்குத்தான் விலக்கின் வாசகம் இடம் தருகிறது. பொம்மையை வேறொரு கடை தன் சரக்காக, தன் பெயரில் விற்கும்போது அந்த விலக்கு பொருந்துமா என்று ஒரு அதிகாரி கேட்டால் உங்களிடம் உறுதியான பதில் இருக்காது. உங்கள் பெயரும் அட்டை எண்ணும் உள்ள சீட்டு பொம்மையில் தொங்குவது உங்களுக்கும் நல்லது, கடைக்காரருக்கும் நல்லது. அவரிடம் இதைச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் என்றால் ஒப்புக்கொள்வார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அது எனக்குப் பிடித்த வழி. விளையாட என்று செய்யாமல் அலங்காரத்துக்கென்றே செய்பவை இந்த ஆணைக்குள் வராது. கொலு பொம்மை செய்யுங்கள். கல்யாண செட், கிராமத்துச் செட், பிள்ளையார், செட்டியார் கடை. களிமண் பொம்மை ஒவ்வோர் ஆண்டும் மூக்கோ விரலோ உடைகிறது என்று அலுத்துக்கொள்ளாத கொலு வீடு உண்டா? நூல் பொம்மையை மடித்துப் பெட்டியில் போட்டுப் பரணில் வைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு விமானத்தில் அனுப்பலாம். கொலுவுக்கு வாங்குகிறவர் பொம்மைக்குச் செலவு செய்யத் தயாராக வருகிறவர். 800 ரூபாய் அவருக்குப் பெரிதாகத் தெரியாது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் செட்டும் அப்படியே. ஆனால் குழந்தை யானையைப் பின்னிவிட்டு 'ஷோபீஸ்' என்று சீட்டு ஒட்டினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். பொருள் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

கைவினைஞர் அட்டை ஐ.எஸ்.ஐ. முத்திரையிலிருந்துதான் விலக்கு தரும், பொறுப்பிலிருந்து தராது. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி செய்தவர் பதில் சொல்ல வேண்டும். படத்தில் உங்கள் யானைக்குப் பிளாஸ்டிக் கண் வைத்திருப்பதைப் பார்த்தேன். பின்னல் இழுத்தால் நெகிழும், கண் கழன்று வரும், மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை அதை வாயில் போடும். அந்த வயதுக்கான பொம்மைகளுக்குக் கண்ணை நூலால் தைத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் உள்ள '100% பாதுகாப்பானது, ரசாயனமற்றது' என்ற வரியையும் இன்றே எடுங்கள். சோதனைக் கூட அறிக்கை இல்லாமல் அப்படி எழுதுவது தவறான விளம்பரம் ஆகும். 'பருத்தி நூல், தைத்த கண்' என்று எழுதினால் தாய்மாருக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது.

டோரேமானும் பிக்காச்சுவும்

அதிகம் விற்பது கார்ட்டூன் பொம்மைகள்தான் என்றும், "கையால் ஒன்றொன்றாகச் செய்வதால், முப்பது சதவீதம் மாற்றினால், பிரச்சினை இல்லையாமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு முப்பது சதவீத விதி நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. பார்த்தவுடன் அந்தக் கதாபாத்திரம் என்று தெரிந்தால் அது உரிமை மீறல். கையில் பின்னினாலும் இயந்திரத்தில் செய்தாலும் ஒன்றே. மகளுக்குப் பின்னிக் கொடுங்கள், விற்காதீர்கள். அதில் வரும் புகாரில் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கமே முடங்கிப்போகலாம், அதில் உள்ள நல்ல படங்களோடு.

வெளிநாட்டு வடிவமைப்பாளர்களிடம் காசு கொடுத்து வாங்கும் பேட்டர்ன், அதாவது பின்னும் முறையை எழுதிய தாள், கதை வேறு. அந்தத் தாளை நகலெடுத்து விற்கக் கூடாது. பின்னிய பொம்மையை விற்கலாமா என்பதை அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். தங்கள் பெயரைக் குறிப்பிட்டால் விற்கலாம் என்று பலர் அனுமதிக்கிறார்கள். சங்கிலிப் பின்னலோ ஒற்றைப் பின்னலோ யாருக்கும் சொந்தமில்லை.

உங்கள் சொந்த வடிவங்களை யாராவது நகலெடுத்தால்? நீங்கள் எடுத்த படம் எடுத்த கணமே உங்களுடைய பதிப்புரிமை. பதிவு தேவையில்லை, படத்தைத் திருடினால் அந்தத் தளத்திலேயே புகார் கொடுத்து நீக்க வைக்கலாம். வடிவத்துக்கு 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பு அது எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. ஆசையாக ஸ்டேட்டஸில் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு அத்தோடு போயிற்று. எல்லாப் பொம்மைக்கும் இது வேண்டாம். கொலு செட் ஒன்றை உண்மையிலேயே புதிதாக வடிவமைத்தால், படம் போடுவதற்கு முன் ஒரு வாரம் யோசியுங்கள்.

ஏஜென்டுக்குக் கொடுக்காதீர்கள்

உத்யம் பதிவு இலவசம். ஆதார், பான் இரண்டும் இருந்தால் கைபேசியிலேயே முடியும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். இந்தப் பதிவுக்குப் பணம் கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.

ஜிஎஸ்டி இன்று உங்களுக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பெங்களூருக்கு அனுப்பியதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வெளி மாநிலத்துக்கு ஒரு பொருள் விற்றாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. கையால் செய்த கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு. அதற்கு பான் எண் இருக்க வேண்டும், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில், அதாவது சரக்கு அனுப்புவதற்கான மின்னணுச் சீட்டு, போட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை யாருமே சொல்வதில்லை. ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து எப்படிப் போடுவது என்று கற்றுக்கொள்ளுங்கள், பிறகு நீங்களே செய்யலாம்.

டிரேட்மார்க் பிறகு. பெயரை மட்டும் இன்றே பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். பொருள்களை வகை பிரிக்கும் அவர்கள் பட்டியலில் பொம்மைகள் 28-ம் வகுப்பு. வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்றால் பயன்படுத்தத் தொடங்கலாம். ஓராண்டு கழித்தும் அந்தப் பெயர் பிடித்திருந்தால், இணையத்தில் விண்ணப்பிக்கத் தனிநபருக்கு அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைக்கும் முன் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது சட்டப்படி தவறு. அண்ணன் மகன் லோகோவில் போட்டிருக்கிறான், எடுக்கச் சொல்லுங்கள்.

வருமானம் உங்களுடையது, உங்கள் பெயரில்தான் கணக்கு. கணவர் சம்பளத்தோடு சேர்ந்து அவர் வரி ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். சொந்த உழைப்பில் நீங்கள் ஈட்டுவதை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஒரு நோட்டில் வரவு செலவு எழுதுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் வீட்டுச் செலவோடு கலக்காது.

கணவரின் தயக்கம்

அவர் பயம் முழுக்கத் தவறில்லை, பாதி சரி. 1966-ம் ஆண்டு ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளின் 15-வது விதி, ஊழியர் அனுமதியின்றித் தொழில் செய்வதைத்தான் தடுக்கிறது. மனைவி தொழில் செய்யத் தடை இல்லை. குடும்பத்தினர் வியாபாரத்தில் இருந்தால் அதை ஊழியர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருக்கிறது. ஒரு கடிதம் எழுதி, நகலில் ஒப்புகை வாங்கி வைத்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம். அவர் உங்கள் பொம்மைப் படங்களைப் பணிமனை வாட்ஸ்அப் குழுவில் போட்டு ஆர்டர் பிடிக்கிறார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அன்பினால் செய்கிறார், ஆனால் மெமோ வருவதானால் அந்த வழியில்தான் வரும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். கணக்கு எழுத, பார்சல் கட்ட வீட்டில் கை கொடுக்கட்டும்.

உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது

கூச்சம் வந்தது நல்லதுதான். உண்மையில்லாத வரியைப் பார்த்து வந்த கூச்சம் அது. 'இன்டர்நேஷனல் டிசைனர்' என்பதை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்:

"திருச்சியில் அம்மாவும் நானும் பருத்தி நூலில் கையால் பின்னும் கொலு பொம்மைகள். முப்பது ஆண்டாக ஊசி பிடிக்கும் கை அம்மாவுடையது. ஒரு பொம்மைக்குப் பத்து மணி நேரம் ஆகும். ஆர்டர் கொடுத்து மூன்று வாரத்தில் அனுப்புவோம்."

முப்பது என்பதை அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை, எல்லாம் தகவல். படிப்பவர் தானாகவே மதிப்பார். முகத்தைக் காட்டப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம், கையைக் காட்டுங்கள். முடிந்த பொம்மையின் பத்துப் படத்தைவிட, அம்மாவின் விரலில் நூல் சுற்றியிருக்கும் ஒரு படம் அதிகம் பேசும். விலையைப் படத்தோடு எழுதுங்கள்; 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்றால் பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார்கள், உங்களைப் போலவே. ஃபாலோயரைக் காசு கொடுத்து வாங்கும் யோசனை வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தை பொம்மையோடு இருக்கும் படத்தைப் பெற்றோரிடம் எழுத்தில் கேட்காமல் போடாதீர்கள்.

பெயர் பின்னிக் கேட்கும் ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்காமல் நூலைத் தொடாதீர்கள். அதை வேறு யாருக்கும் விற்க முடியாது. என்ன நிறம், என்ன அளவு, எந்தத் தேதி, திருப்பி எடுப்பீர்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதிச் 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் 'சரி' சட்டப்படி செல்லும். மொத்தமாக ஐம்பது வேண்டும், பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உங்கள் யுபிஐ ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் எப்போதும் தேவையில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடன் பற்றி ஒரு வரி. 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைஞருக்கு மானியத்தோடு மூன்று லட்சம் வரை கடன் உண்டு; மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து வையுங்கள். ஆனால் புது விலையில் ஆறு மாதம் விற்றுப் பார்க்காமல் கடன் வாங்க வேண்டாம்.

கடைக்காரருக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். நேரில் பேசினால் தயங்கிவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் அனுப்பும்படியே எழுதித் தருகிறேன்:

"வணக்கம். எங்கள் பொம்மைகளைக் கேட்டதற்கு நன்றி. நாற்பது பொம்மையை விற்பனைக்கு வைத்துவிட்டுப் போகும் முறை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நவராத்திரிக்குப் பத்துக் கொலு பொம்மைகளை நீங்கள் விலைக்கு வாங்குவதானால் பின்னித் தருகிறோம். ஒன்று 800 ரூபாய், கூரியர் தனி. பாதித் தொகை ஆர்டரோடு, மீதி சரக்கு வந்த 15 நாளுக்குள். பொம்மையில் எங்கள் சீட்டு இருக்கும். பக்கத்தில் உங்கள் கடைச் சீட்டையும் வைத்துக்கொள்ளலாம். வேறு கடைகளுக்கும் நாங்கள் கொடுப்போம். சம்மதமானால் தெரிவியுங்கள், இரண்டு மாதிரி அனுப்பி வைக்கிறேன். மாதிரிக்கும் விலை உண்டு."

அவர் மறுக்கலாம். மறுத்தால் அந்த 45 நாளில் உங்கள் பங்கான 280 மணி நேரம் உங்களிடமே இருக்கும். ஒரு கொலு செட் முழுதாகப் பின்னி முடிக்க அது தாராளமாகப் போதும். சீட்டில் அம்மாவின் பெயரையும் சேர்த்து அச்சடியுங்கள்.